நானூற்றுப் பதினேழு வைரஸும் ஜெயவேலுவும்

பொம்மனஹள்ளிக்கு அந்தச் செய்தியை முதலில் கொண்டுவந்தது எதிர்வீட்டு வீணா. அவளுக்குச் சொன்னது அவளுடைய ஓரகத்தி. ஓரகத்திக்குச் சொன்னது எலெக்ட்ரானிக் சிட்டியில் ஏதோ ஒரு கம்பெனி லிஃப்டில் கூட நின்ற யாரோ. எச்.எஸ்.ஆர். லேஅவுட் பக்கம் ஒரு வீட்டில் கம்ப்யூட்டருக்குள் வைரஸ் புகுந்து, அது வைஃபை வழியாக ஃப்ரிட்ஜுக்குத் தாவி, ஃப்ரிட்ஜிலிருந்து வாஷிங் மெஷினுக்குப் போய், கடைசியில் அந்த வீட்டு மாமியாரின் காது மெஷினில் குடியேறிவிட்டதாம். அங்கே உட்கார்ந்துகொண்டு நாள் முழுக்க இந்தியில் பேசுகிறதாம்.

“நிஜவா?” என்று கன்னடத்தில் வாயைப் பிளந்தாள் விஜி.

“நிஜம்தான் அக்கா. பாவம், அந்த அத்தைக்கு இந்தியே வராதாம். அது திட்டுதா, வாழ்த்துதான்னு கூட தெரியாம உட்கார்ந்திருக்காங்களாம்.”

விஜியின் கணவர் ஜெயவேலு அப்போது கேட்டைத் திறந்தும் மூடியும் அதன் கீலைச் சோதித்துக்கொண்டிருந்தார். ஃப்ரிட்ஜும் காது மெஷினும் எப்படிப் பேசிக்கொள்ளும் என்று கேட்கக்கூடிய ஒரே ஆள் அந்தத் தெருவில் அவர்தான். அவர் கேட்கவில்லை. அவருக்கு வேண்டியது அந்தக் கதையில் கிடைத்துவிட்டது.

“அவங்க வஜ்ர ஷீல்டு போடல. அதான்,” என்றார். “உங்க வீட்ல கம்ப்யூட்டர் இருக்காம்மா?”

“லேப்டாப் இருக்கு சார். எங்க வீட்டுக்காரர்து.”

“சாயங்காலம் வரேன். பென் டிரைவ் ரெடியா இருக்கு.”

விஜி தலையில் அடித்துக்கொள்ளவில்லை. கை ஈரமாக இருந்தது.

ஜெயவேலு கோலார் தங்கவயலில் பிறந்தவர். சாம்பியன் ரீஃப் சுரங்கப் பகுதியில் வரிசையாகக் கட்டிய லைன் வீடுகளில் ஒன்று அவர்களுடையது. அப்பா சுரங்கத்துக்குள் இறங்கினார். மகன் இறங்கக் கூடாது என்று பெங்களூருக்கு ரயிலேற்றி அனுப்பினார். ஓசூர் ரோட்டில் ஒரு மெஷின் ஷாப்பில் ஹெல்பராகச் சேர்ந்த மகன், சில வருஷங்களில் தரப் பரிசோதகராக உயர்ந்தார். உயர்ந்தவர் ஓய்வு பெறும்வரை கீழே இறங்கவே இல்லை. ஒரு கையில் அளவுபார்க்கும் கேஜ், மறு கைக்கு எட்டும் தூரத்தில் சிவப்புப் பெயின்ட் டப்பா. மெஷினிலிருந்து வருகிற ஒவ்வொரு உருப்படியையும் கேஜில் நுழைத்துப் பார்ப்பார். சரியாக இருந்தால் பேசாமல் தள்ளிவிடுவார். தவறாக இருந்தால் சிவப்பில் ஒரு இழுப்பு. அதை எப்படிச் சரிசெய்வது என்பது உற்பத்திக்காரர்களின் தலைவலி. குறையைக் கண்டுபிடிப்பதோடு தன் கடமை முடிந்தது என்று ஒரு மனிதனுக்குச் சம்பளம் கொடுத்து முப்பது வருஷம் சொல்லிக்கொடுத்தால் அவன் எப்படி ஆவானோ, ஜெயவேலு அப்படி ஆகியிருந்தார்.

ஓய்வு பெற்ற பிறகு டப்பா தொழிற்சாலையிலேயே தங்கிவிட்டது. சிவப்பு மட்டும் அவரோடு வீட்டுக்கு வந்துவிட்டது. விஜியின் இட்லிகள் ஒரே அளவில் இல்லை. மாநகராட்சி போட்ட ஸ்லாப் இடது பக்கம் தாழ்ந்திருக்கிறது. கல்யாண வீட்டு வாழைமரங்களில் ஒன்று மற்றதைவிட உயரம். இவற்றையெல்லாம் அவர் கெட்ட எண்ணத்தில் சொல்வதில்லை. யாராவது சொல்லத்தானே வேண்டும் என்று சொல்வார்.

இந்தப் பழக்கத்துக்கு அவர் கொடுத்த பெரிய விலை அவருடைய அக்கா.

சரளா அக்கா தங்கவயலில் பள்ளி ஆசிரியையாக இருந்தவர். கணவர் இறந்தபின், மகன் சித்தார்த் டப்ளினுக்கு வேலைக்குப் போன சூட்டோடு சந்தாபுராவில் ஒரு வீடு கட்டினார். புதுமனை புகுவிழா. வீடு நிறைய ஜனம். கொத்தனார் புது வேட்டி கட்டிக்கொண்டு பாராட்டுக்காகக் காத்து நிற்கிறார். அந்த நேரம் பார்த்து ஜெயவேலு பேன்ட் பையிலிருந்து ரசமட்டத்தை எடுத்து ஹால் நடுவில் வைத்தார். குமிழி ஒரு பக்கமாக ஓடியது. “அக்கா, வீடு கழுவுனா தண்ணி மொத்தமும் புத்தர் படம் வெச்ச மூலைக்குத்தான் போவும்,” என்று கூட்டத்துக்கெல்லாம் கேட்கும்படி அறிவித்தார்.

அக்கா சத்தம் போடவில்லை. “சாப்ட்டுட்டுக் கிளம்பு வேலு,” என்றார். அதற்குப் பிறகு இரண்டு வருஷம் பேசவில்லை. ஜெயவேலு பலமுறை போன் செய்தார். மணி போகும், நிற்கும். அன்றைக்கே “ரசமட்டம் தப்பா இருந்திருக்கும் அக்கா” என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் விஷயம் முடிந்திருக்கும். ஆனால் ரசமட்டம் சரியாகத்தானே இருந்தது.

இனி வஜ்ர ஷீல்டு வந்த கதை.

மகள் மோனிகா கல்யாணமாகி மைசூர் போனபோது அவளுடைய பழைய கம்ப்யூட்டர் அப்பாவுக்குச் சொத்தாக வந்தது. பெங்களூரில் சிதறிக்கிடக்கும் தங்கவயல்காரர்களுக்குக் கண்ணீர் அஞ்சலி போஸ்டர், மஞ்சள்நீராட்டு அழைப்பிதழ் எல்லாம் அவர்தான் இலவசமாக வடிவமைத்துக் கொடுப்பார். (இறந்தவரின் பிறந்த தேதியைக் குடும்பத்தாரிடம் மூன்று முறை சரிபார்ப்பார், இறந்தவரிடம் கேட்க முடியாததில் அவருக்கு வருத்தம் உண்டு.) அப்படி ஒரு போஸ்டருக்குப் பூமாலை பார்டர் தேடி இணையத்தில் அலைந்தபோது ஒரு பக்கத்தில் மூன்று பச்சைப் பொத்தான்கள் இருந்தன. மூன்றிலும் ‘டவுன்லோட்’ என்றே எழுதியிருந்தது. அவர் நடுவில் இருந்ததை அழுத்தினார்.

கம்ப்யூட்டர் சங்கு ஊத ஆரம்பித்தது.

தங்கவயலில் சங்கு ஊதினால் கேள்வி கேட்கிற வழக்கம் கிடையாது. வேளைக்கு ஊதினால் ஷிஃப்டு. வேளைகெட்ட வேளையில் ஊதினால் பூமிக்குள் யாருக்கோ என்னவோ ஆகிவிட்டது என்று மொத்த லைனும் வாசலுக்கு ஓடிவரும். அந்தச் சங்கு விளையாட்டுக்கு ஊதியதே இல்லை. ஆகவே அங்கே வளர்ந்தவர்களின் ரத்தத்தில் ஒரு விதி ஊறிப்போயிருக்கிறது: கத்துகிற இயந்திரம் உண்மையைச் சொல்கிறது, கத்தாத இயந்திரம் தூங்குகிறது.

சிவந்துபோன திரையில் ஒரு கேடயம் துடித்தது. ‘உங்கள் கணினி ஆபத்தில் உள்ளது. உடனே வஜ்ர ஷீல்டு டீலக்ஸ் நிறுவுங்கள்’ என்று ஆங்கிலத்தில் உத்தரவு வந்தது. ஜெயவேலு நிறுவினார். கம்ப்யூட்டரோடு கூடவே வந்த பாதுகாப்பு மென்பொருளை அணைத்துவிடச் சொன்னது. ஒரே வாசலில் இரண்டு காவலாளி நின்றால் சண்டை வருமாம். அதுவும் நியாயமாகப் பட்டது. அந்தப் பழைய காவலாளி திரையின் மூலையில் வருஷக்கணக்கில் வாயே திறக்காமல் உட்கார்ந்திருந்தவன். ஒரு நாளாவது கத்தியிருப்பானா? அணைத்தார். வஜ்ர ஷீல்டு ஒரு நிமிஷம் ஓடி, நானூற்றுப் பதினேழு வைரஸ்கள் இருப்பதாகச் சிவப்பு எழுத்தில் அறிவித்தது. அவற்றை நீக்க வேண்டுமானால் கீழே உள்ள உதவி எண்ணை அழைக்க வேண்டும்.

ஜெயவேலு அழைக்கவில்லை. அவருக்கு அந்தப் பட்டியலே போதுமானதாக இருந்தது. ஒரு நல்ல பரிசோதகர் குறைகளைக் கண்டுபிடித்து, சிவப்பில் எழுதி, சங்கு ஊதிச் சொல்லிவிட்டார். இதற்கு மேல் அவரிடம் என்ன எதிர்பார்ப்பது? தன் ஜாதி ஆள் ஒருவரைக் கம்ப்யூட்டருக்குள் கண்டுகொண்ட பூரிப்பு அவருக்கு.

லைன் வீட்டில் ஒரு வீட்டுக்குக் கிடைத்த மருந்து மற்ற வீடுகளுக்கும் போயாக வேண்டும். பென் டிரைவில் வஜ்ர ஷீல்டை ஏற்றிக்கொண்டு ஜெயவேலு கிளம்பினார். பொம்மனஹள்ளியில் ஒரு வீடு, கோரமங்களாவில் ஒன்று, மறுபடி பொம்மனஹள்ளி. சத்தம் கேட்டதும் வீட்டுக்காரர்கள் நடுங்குவார்கள். “பயப்படாதீங்க, நான் இருக்கேன்,” என்று சொல்லிக் காப்பி குடித்துவிட்டு வருவார். உதவி எண்ணை ஒரு துண்டுத்தாளில் தன் அழகான எழுத்தில் எழுதி, திரையின் மேல்விளிம்பில் ஒட்டியும்விடுவார்.

இந்தப் புகழ்தான் சந்தாபுரா வரை போயிற்று. வீணா கதை சொன்ன அதே வாரம், ஒரு காலையில், அக்காவே போன் செய்தார்.

“டேய் வேலு. ஊர்ல எல்லார் வீட்டுக்கும் போய் வைரஸ் மருந்து போடுறியாமே. கூடப் பொறந்தவ வீடு மட்டும் உனக்குக் கண்ணுக்குத் தெரியாதா?”

ஜெயவேலு வெள்ளிக்கிழமை சந்தாபுரா போனார். ரசமட்டத்தை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போனார். விஜி பையைச் சோதித்துத்தான் அனுப்பினாள். அக்கா கேழ்வரகுக் களி கிண்டி மட்டன் குழம்பு வைத்திருந்தார். சாப்பிடும் நேரம் முழுக்க ஜெயவேலு தரையைப் பார்க்காமல் உத்தரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பென் டிரைவைச் செருகினார். சங்கு ஊதியது. நானூற்றுப் பதினேழு.

“அய்யய்யோ,” என்று மார்பில் கைவைத்தார் அக்கா. அந்தக் கம்ப்யூட்டரில்தான் ஞாயிறுதோறும் சித்தார்த்தின் முகம் வரும். போய்ச்சேர்ந்த கணவரின் போட்டோக்கள், பென்ஷன் கணக்கு எல்லாம் அதற்குள்தான். “இத்தனை பூச்சியை வெச்சிக்கினா நான் புள்ளையோட பேசிக்கினு இருந்தேன்? நல்லவேளை, நீ வந்தே. சித்தார்த்கிட்ட சொல்றேன், மாமா வந்து காப்பாத்திட்டான்னு.”

இரண்டு வருஷத்துக்குப் பிறகு அந்த வீட்டில் அவர் மறுபடி ‘மாமா’ ஆனார். வாசல்வரை வந்து வழியனுப்பிய அக்கா, “இந்த நம்பருக்குப் பேசுனா எல்லாத்தையும் எடுத்துடுவாங்களா?” என்று கேட்டார்.

“எடுத்துடுவாங்க அக்கா.”

“அப்ப நாளைக்கு, சனிக்கிழமையே பேசிடறேன். ஞாயித்துக்கிழமை சித்தார்த் வர்றதுக்குள்ள சுத்தமா இருக்கணும்.”

குறையைக் கண்டுபிடிப்பதோடு நிறுத்திக்கொள்ளும் குணம் அந்தக் குடும்பத்தில் தம்பிக்கு மட்டும்தான். அக்கா ஆசிரியை, தப்பைப் பார்த்தால் திருத்தாமல் தூங்க மாட்டார். அது அப்போது ஜெயவேலுவுக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

மறுநாள் சனிக்கிழமை அவர் போனது ரிச்சர்ட்ஸ் டவுனுக்கு. அங்கே குணசேகர் இருக்கிறார். சாம்பியன் ரீஃபில் ஒரே லைனில் வளர்ந்த நண்பர். ரிச்சர்ட்ஸ் டவுன் பழைய குடும்பத்துப் பெண் ஹெலனைக் கட்டிக்கொண்டு, அந்த வீட்டு மரப்படிக்கட்டில் ஏறி இறங்கியே இளைத்துப்போனவர். சர்ச் பாடகர் குழுவுக்குப் பாட்டுகளைத் தட்டச்சு செய்ய ஹெலன் புதுக் கம்ப்யூட்டர் வாங்கியிருந்தார். பெட்டியைப் பிரிப்பதற்கே ஜெயவேலு வர வேண்டும் என்று குணசேகர் பிடிவாதமாக இருந்தார். பிரித்தார்கள். திரையின் மேல் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் படலத்தை ஜெயவேலுவே உரித்தார். இணையம் இன்னும் கொடுக்கவில்லை. “நெட்டு கொடுக்கறதுக்கு முன்னாடியே தடுப்பூசி போட்டுடணும்,” என்று பென் டிரைவைச் செருகினார்.

சங்கு. சிவப்பு. நானூற்றுப் பதினேழு.

குணசேகர் பெட்டியைப் பார்த்தார், தரையில் கிடந்த தெர்மக்கோலைப் பார்த்தார், நண்பரைப் பார்த்தார். “மச்சி, இப்பதானடா பொட்டிய கிழிச்சோம். அதுக்குள்ள எந்த வழியா நானூத்திச் சொச்சம் ஏறிச்சு?”

“கம்பெனியிலேயே ஏறியிருக்கும்.”

“அண்ணே,” என்றார் ஹெலன் வாசற்படியில் நின்றபடி, “மேல இருந்து மூணாவது வைரஸ் டி டிரைவுல இருக்குன்னு போட்டிருக்கு. இதுல டி டிரைவே இல்லியே. இல்லாத ரூம்ல எப்படி எலி புகுந்துது?”

ஜெயவேலு பதில் சொல்ல வாயைத் திறந்தார். அக்கா வீட்டிலும் மூன்றாவது வைரஸ் டி டிரைவில்தான் இருந்தது என்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது. வீணா வீட்டிலும்.

மெஷின் ஷாப்பில் ஒருமுறை இப்படித்தான் ஒரு நாள் முழுக்க வந்த எல்லா உருப்படியும் ரிஜெக்ட் ஆயிற்று. ஆபரேட்டர்கள் கத்தினார்கள், சூப்பர்வைசர் கத்தினார். ஜெயவேலு மட்டும் கத்தாமல் போய், சரியான அளவு என்று ஏற்கெனவே தெரிந்த மாஸ்டர் பீஸை எடுத்து அந்தக் கேஜில் நுழைத்துப் பார்த்தார். மாஸ்டர் பீஸும் ரிஜெக்ட். யாரோ கேஜைக் கீழே போட்டுவிட்டு ஊமை மாதிரி திரும்ப வைத்திருந்தார்கள். எதைக் கொடுத்தாலும் ஒரே அளவு சொல்கிற கேஜ், கேஜே இல்லை. இதை அவர் புதிதாகச் சேருகிற ஒவ்வொருவருக்கும் சொல்லியிருக்கிறார். தனக்கு மட்டும் சொல்லிக்கொள்ள மறந்துவிட்டார்.

ஹெலனின் புதுக் கம்ப்யூட்டர்தான் இப்போது மாஸ்டர் பீஸ். அவர் வஜ்ர ஷீல்டை மறுபடி ஓடவிட்டார். நானூற்றுப் பதினேழு. தன் போட்டோ ஒன்றைத் தவிர எதுவும் இல்லாத இன்னொரு பென் டிரைவைச் செருகி அதை மட்டும் சோதிக்கச் சொன்னார். நானூற்றுப் பதினேழு. மூன்றாவதாக டி டிரைவ்.

“கேஜ் பொய் சொல்லுது,” என்றார்.

“கேஜா?” என்றார் குணசேகர்.

“இது வைரஸ் புடிக்கிறது இல்லடா. இதுதான் வைரஸ்.”

ஹெலன் போனில் தேடிப் படித்தார். போலி ஆன்டிவைரஸ் என்று அதற்குப் பெயரே இருந்தது. பயமுறுத்தும், சத்தம் போடும், ஒரு நம்பரைக் கொடுக்கும். அந்த நம்பரில் பேசுகிறவன் மிக மரியாதையாகப் பேசுவான். சரிபார்க்க வேண்டும் என்று ஒரு சின்ன மென்பொருளை நிறுவச் சொல்வான். நிறுவினால் கம்ப்யூட்டர் அவன் கைக்குப் போய்விடும். நீங்கள் பார்த்துக்கொண்டே இருக்க, திரையில் மவுஸின் அம்புக்குறி தானாக நகரும். முதல் வரியிலேயே தடித்த எழுத்தில் போட்டிருந்தார்கள்: ‘அந்த எண்ணை அழைக்காதீர்கள்.’

ஜெயவேலுவுக்குத் தன் அழகான கையெழுத்து கண்முன் வந்தது.

முதலில் இங்கே இருப்பதை எடுப்போம் என்று உட்கார்ந்தார். நிரல்களின் பட்டியலில் போய் நீக்கச் சொன்னார். ‘நிச்சயமாக ஆபத்தில் வாழ விரும்புகிறீர்களா?’ என்று வஜ்ர ஷீல்டு கேட்டது. ‘வேண்டாம், என்னைக் காப்பாற்று’ என்பது உள்ளங்கை அகலப் பச்சைப் பொத்தான். ‘ஆம்’ என்பது சாம்பல் நிறத்தில், எறும்பு அளவில், ஓரமாக.

“ஆமாவ அமுக்குங்கண்ணே,” என்றார் ஹெலன். “நாங்க ஆபத்திலேயே வாழ்ந்துக்கறோம். பழக்கம்தான்.”

அமுக்கினார். போய்விட்டதாகக் கும்பிடு போட்டது. கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டார்கள். வஜ்ர ஷீல்டு வாசலிலேயே நின்று சங்கு ஊதி வரவேற்றது.

“மச்சி, போயிட்டேன்னு சொல்லிட்டுப் போகாத விருந்தாளி நான் ஒருத்தனத்தான் பார்த்திருக்கேன்,” என்றார் குணசேகர், சுவரில் மாட்டியிருந்த மைத்துனரின் போட்டோவைப் பார்த்தபடி. ஹெலன் முறைத்தார்.

அவசியமானவர்களை மட்டும் எழுப்பிவிட்டு மற்ற எல்லோரையும் தூங்கவிடும் ‘சேஃப் மோட்’ என்ற முறையில் கம்ப்யூட்டரைத் தொடங்க வேண்டும் என்று ஹெலனின் போன் சொன்னது. தொடங்கினார்கள். வஜ்ர ஷீல்டு எழுந்திருக்கவில்லை. அது தூங்கும்போதே பட்டியலிலிருந்து நீக்கினார். கம்ப்யூட்டர் விழித்ததும் தானாக ஓடுகிறவர்களின் வரிசையில் அதன் பெயர் வேறொரு வேஷத்தில் ஒளிந்திருந்தது, அதையும் எடுத்தார். மிச்சமிருந்த கோப்புறையை அழித்தார். பிரவுசரில் ‘அறிவிப்பு அனுப்பலாம்’ என்று அது தானே எடுத்துக்கொண்டிருந்த அனுமதியையும் பறித்தார். கடைசியாக, இந்தக் கம்ப்யூட்டரோடும் கூடவே வந்திருந்த அந்தப் பேசாத காவலாளியைத் தட்டி எழுப்பி, முழுச் சோதனை செய்யச் சொன்னார்.

அது மெதுவாகச் செய்தது. சங்கு இல்லை, சிவப்பு இல்லை. ஹெலன் வைத்த காப்பி ஆறி, இரண்டாவது முறை சூடுபண்ணி, அதுவும் ஆறிய பிறகு முடித்தது. கண்டுபிடித்தது ஒன்றே ஒன்று: ஜெயவேலுவின் பென் டிரைவ்.

“அண்ணே,” என்று ஹெலன் மெல்லக் கேட்டார், “இன்னும் எத்தனை வீட்டுக்கு இந்த ஊசி போட்டீங்க?”

சிவாஜிநகர் பஸ்ஸில் ஏறியதிலிருந்து அவர் போன் செய்ய ஆரம்பித்தார். வீணாவின் கணவர் அமைதியாகக் கேட்டுவிட்டு, “சரி சார், ஆனா போட்டது நீங்கதானே?” என்றார். அதில் கோபமே இல்லாததுதான் குத்தியது. கோரமங்களா தினேஷ், “எடுக்க வேணாம்ணே. அந்தச் சத்தம் கேட்டாத்தான் எங்க வீட்ல பசங்க படிக்க உட்கார்றாங்க,” என்றார். அவரைச் சம்மதிக்க வைப்பதற்குள் மூன்று ஸ்டாப் போய்விட்டது. பொம்மனஹள்ளி முத்தம்மா, “நான் அந்தப் பொட்டியையே வித்துட்டேனே கண்ணு. வாங்குனவனுக்கு இப்ப நான் சொல்லணுமா, நீ சொல்றியா?” என்று கேட்டார். ஒவ்வொருவரிடமும் ஒரே விஷயத்தைச் சொன்னார்: இணையத்தைத் துண்டியுங்கள், அந்த நம்பரைக் கூப்பிடாதீர்கள், நான் வந்து எடுத்துவிடுகிறேன். ஒவ்வொருவரும் ஒரே கேள்வியைக் கேட்டார்கள்: நீ வந்தா?

பொம்மனஹள்ளியில் இறங்கும்போது பட்டியலில் எல்லோரும் முடிந்திருந்தார்கள். ஒருவரைத் தவிர.

“அக்காவுக்குச் சொல்லிட்டீங்களா?” என்றாள் விஜி. கதை முழுவதையும் கேட்டு முடித்தபின் அவள் கேட்ட முதல் கேள்வி.

ஜெயவேலு தண்ணீர் குடித்தார்.

“முத்தம்மாவுக்குச் சொன்னீங்க. வீணா வீட்டுக்காரருக்குச் சொன்னீங்க. இவங்கள்லாம் அந்த நம்பரத் தொடக் கூட மாட்டாங்க. உங்க அக்கா இன்னிக்கு பேசுறேன்னு நேத்தே உங்ககிட்ட சொல்லி அனுப்புனாங்க. அவங்களுக்கு மட்டும் கடைசியா?”

“அக்காகிட்ட எப்படிச் சொல்றதுன்னு யோசிச்சுக்கினு வந்தேன்.”

“எப்படி?”

“புது வெர்ஷன் வந்திருக்குக்கா, பழசை எடுத்துட்டு வேற போடணும்னு…”

விஜி சிரித்தாள். அந்தச் சிரிப்பில் முப்பத்தைந்து வருஷக் குடும்ப வாழ்க்கை இருந்தது. “ஊர்ல ஒவ்வொரு பொருளுக்கும் மூஞ்சி மேல ரிஜெக்ட்னு சொன்ன மனுஷன். கல்யாணத்தன்னிக்கே எங்க அம்மாவோட அப்பளத்துக்கு ரிஜெக்ட் சொன்னீங்க. உங்க சரக்குன்னு வந்தா மட்டும் புது வெர்ஷனா?”

“இப்பதான் விஜி பேச ஆரம்பிச்சாங்க. ரெண்டு வருஷம் கழிச்சு. நான்தான் தப்பா போட்டுட்டேன்னு சொன்னா…”

“திரும்பவும் ரெண்டு வருஷம் பேச மாட்டாங்க. அவ்ளோதான? அந்த நம்பர்ல பேசிட்டாங்கன்னா என்ன ஆவும்னு நீங்களே சொன்னீங்களே. எதைக் காப்பாத்தப் போறீங்க, அக்காவையா, மாமா பட்டத்தையா?”

ஜெயவேலு போனை எடுத்தார். விரல் அக்காவின் பெயர்மேல் கொஞ்சம் நின்றது. பிறகு அமுக்கினார்.

ஒரு பெண் குரல் கன்னடத்தில், மிகுந்த கனிவோடு, நீங்கள் அழைப்பவர் இன்னொரு அழைப்பில் இருக்கிறார் என்றது. அதையே ஆங்கிலத்திலும் சொன்னது. ஜெயவேலு இரண்டையும் கடைசிவரை கேட்டார்.

“யாரோட பேசிக்கினு இருக்காங்க?” என்றாள் விஜி.

“சித்தார்த்தா இருக்கும்.”

“இன்னிக்கு சனிக்கிழமை.”

அவர் செருப்பை மாட்டினார். ஒரு காலில் தன் செருப்பு, மறுகாலில் விஜியின் செருப்பு. விஜியே ஓடிவந்து மாற்றிக்கொடுத்தாள். தெருமுனைவரை வந்து, “உள்ளதச் சொல்லுங்க. நான்தான்னு சொல்லுங்க,” என்றாள். அவர் தலையாட்டிக்கொண்டே நடந்தார். நடந்துகொண்டே மறுபடி அழைத்தார். இன்னும் அதே கனிவான குரல். ஓசூர் ரோட்டைக் கடக்கும்போது ஒரு ஆட்டோக்காரர் அவருடைய வம்சத்தையே விசாரித்தார். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

சந்தாபுரா வழியாகப் போகும் ஆனேக்கல் பஸ்ஸில் உட்கார இடம் இல்லை. கம்பியைப் பிடித்து நின்றபடி, சொல்ல வேண்டியதை உதட்டுக்குள் சொல்லிப் பார்த்தார். அக்கா, அந்தப் போனை வை. அக்கா, நான் போட்டது மருந்து இல்ல. அக்கா, என் கேஜ்தான் தப்பு. மூன்றாவது சொன்னபோது பக்கத்தில் நின்ற பெண் கொஞ்சம் தள்ளி நின்றுகொண்டாள்.

மறுபடி அழைத்தார். இந்த முறை கனிவான குரல் வரவில்லை. மணி போனது. பேச்சை முடித்துவிட்டார் என்று அர்த்தம். யாரோடு, என்ன பேசி முடித்தார் என்பதுதான் தெரியவில்லை. மணி ஒரு சுற்று போய் நின்றது. இன்னொரு முறை அழைத்தார். அக்கா போனை மேசைமேல் வைத்துவிட்டு, கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, அம்புக்குறி தானாக நகர்வதை வியப்போடு பார்த்துக்கொண்டிருப்பதாக ஒரு காட்சி வந்தது. அப்படி இல்லாமல், சமையலறையில் குக்கர் சத்தத்தில் கேட்காமல் இருக்கலாம். இல்லை, விஷயம் தெரிந்துபோய், தம்பியின் பெயரைப் பார்த்துவிட்டே எடுக்காமல் இருக்கலாம். இந்தக் கடைசிக் காரணமாக இருந்தால் போதும் என்று அவர் வாழ்க்கையில் முதல்முறையாக ஆசைப்பட்டார்.

கண்டக்டர் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து, “எல்லிகே?” என்று இறங்குமிடம் கேட்டார்.

“அக்கா, நான்தான் தப்பு,” என்றார் ஜெயவேலு.

கண்டக்டர் அவரையும் காதோடு ஒட்டியிருந்த போனையும் பார்த்துவிட்டு, அடுத்தவரிடம் கை நீட்டினார். பஸ் ஒரு சிக்னலில் நின்றது. உள்ளே எல்லோரும் முன்னால் சாய்ந்து பின்னால் வந்தார்கள். போனில் மணி போய்க்கொண்டிருந்தது.